படைத்தளம் மூடினால் பள்ளிக்கூடம் யார் கட்டுவது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென் கலிஃபோர்னியாவில் டஸ்டின் ரயில் நிலையத்தில் இறங்கினால், தூரத்தில் ஒரு பிரம்மாண்டமான மரக் கொட்டகை கண்ணில் படும். ஆயிரம் அடிக்கு மேல் நீளம், பதினேழு மாடி உயரம். 1942-ல் அமெரிக்கக் கடற்படை கட்டியது. ஜப்பானிய நீர்மூழ்கிகளைத் தேடிக் கடற்கரையோரம் ரோந்து போன பிளிம்ப் என்ற வாயுக் கப்பல்களை நிறுத்துவதற்காக. போர்க்காலத்தில் எஃகு கிடைக்காததால் முழுக்க மரத்திலேயே கட்டினார்கள். அப்படி இரண்டு இருந்தன. இப்போது ஒன்றுதான் இருக்கிறது. அந்தக் கதை பின்னால் வருகிறது.

1999-ல் அந்தக் கொட்டகை நின்ற டஸ்டின் படைத்தளத்தை மூடினார்கள். சுமார் 1,600 ஏக்கர். இன்று அங்கே வீடுகள், கடைவீதி, பூங்கா, பள்ளிகள் எல்லாம் வந்துவிட்டன. அந்தப் பக்கம் வீடு பார்க்கிற நண்பர்கள் என்னிடம் முதலில் கேட்பது விலையை அல்ல, பள்ளியை. அங்கிருந்து ஒவ்வொன்றாகக் கேள்விகள் கிளம்பும். நகர மன்றக் கூட்டங்களிலும் பள்ளி வாரியக் கூட்டங்களிலும் பல மாலைகள் உட்கார்ந்து நான் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஒரு படைத்தளத்தை மூடுவது என்று யார் முடிவு செய்கிறார்கள்?

வாஷிங்டன். 1988, 1991, 1993, 1995, 2005 என்று ஐந்து சுற்றுகளாகத் தளங்களை மூடினார்கள். ‘பிராக்’ என்று எல்லோரும் சுருக்கமாகச் சொல்வது இதைத்தான். எந்த எம்.பி.யும் தன் தொகுதியில் இருக்கிற தளத்தை விட்டுக்கொடுக்க மாட்டார் என்பதால், 1990-ல் ஒரு சட்டம் போட்டு, சுயேச்சையான ஓர் ஆணையத்திடம் இறுதிப் பட்டியல் தயாரிக்கும் வேலையைக் கொடுத்தார்கள். பட்டியலை மொத்தமாக ஏற்க வேண்டும், இல்லையென்றால் மொத்தமாக நிராகரிக்க வேண்டும். ஒரு தளத்தை மட்டும் உருவ முடியாது.

பட்டியலில் பெயர் வந்த மறுநாளே கதவைப் பூட்டிவிடுவதில்லை. டஸ்டின் பெயர் 1991-லேயே வந்துவிட்டது. கடைசி ஹெலிகாப்டர் கிளம்ப 1999 ஆகிவிட்டது. இடைப்பட்ட அந்த எட்டு வருடம்தான் ஊருக்குக் கிடைக்கிற அவகாசம். அதில் பள்ளி மாவட்டம் (அந்த வட்டாரத்தின் அரசுப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகம்) என்ன செய்தது, நகரம் என்ன செய்தது என்பதை வைத்துத்தான் அடுத்த முப்பது வருடம் அமைகிறது.

நகரமும் பள்ளி மாவட்டமும் ஒன்றுதானே? மேயர் சொன்னால் பள்ளி வந்துவிடாதா?

வராது. மாநகராட்சிப் பள்ளி என்ற நினைப்போடு நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் முதலில் தடுக்கி விழுகிற இடம் இதுதான். அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் பள்ளி மாவட்டம் என்பது தனி அரசாங்கம். தனித் தேர்தல், தனி வாரியம், தனிக் கஜானா. மேயருக்கு அதன் மேல் எந்த அதிகாரமும் கிடையாது. பள்ளி வாரியத்துக்கு நகரத்தின் நிலத்தின் மேல் அதிகாரம் கிடையாது.

எல்லைகளும் ஒத்துப்போகாது. டஸ்டின் தளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏறக்குறைய முழுவதும் டஸ்டின் நகரத்துக்குள் இருந்தது, சிறு பகுதி மட்டும் இர்வைனில். ஆனால் அதே நிலத்தின் மேல் டஸ்டின், இர்வைன், சாண்டா ஆனா என்று மூன்று பள்ளி மாவட்டங்களின் கோடுகள் ஓடின. சமுதாயக் கல்லூரி, அதாவது இரண்டு வருடக் கல்லூரி, மாவட்டங்கள் இரண்டு. ஆக, ஒரே வேலிக்குள் ஐந்து கல்வி நிர்வாகங்கள். வேலிக்குள் ராணுவம் இருந்த வரைக்கும் அந்தக் கோடுகளைப் பற்றி யாருக்கும் கவலை இல்லை. வேலி போனதும் ஒவ்வொரு கோடும் பணமாகிவிட்டது.

தளம் மூடினால் பள்ளிகளுக்கு என்ன ஆகும்?

முதலில் பிள்ளைகள் போய்விடுவார்கள். படைவீரர் குடும்பங்கள் மொத்தமாக வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகும். மாநில அரசு தலைக்கு இவ்வளவு என்றுதான் பள்ளிக்குப் பணம் தருகிறது, அதனால் தலை குறைந்தால் பணம் குறையும். கூடவே இன்னொரு வருமானமும் நிற்கும். ராணுவ நிலம் கூட்டாட்சி அரசின் சொத்து என்பதால் அதற்குச் சொத்து வரி கிடையாது. அந்த இழப்பை ஈடுகட்டத்தான் 1950-லிருந்து ‘இம்பாக்ட் எய்ட்’ என்ற உதவித்தொகை இருக்கிறது. படைவீரர் பிள்ளைகள் போனால் அந்தக் கணக்கும் போய்விடும்.

மான்டரே அருகில் ஃபோர்ட் ஓர்ட் 1994-ல் மூடியபோது இதுதான் நடந்தது. சுமார் 28,000 ஏக்கர் தளம் அது. அங்கிருந்த பிள்ளைகள் போனதும் அந்த வட்டாரப் பள்ளி மாவட்டம் சில பள்ளிகளையே மூட வேண்டி வந்தது.

பத்துப் பதினைந்து வருடம் கழித்து நிலைமை தலைகீழாகும். அதே நிலத்தில் வீடுகள் வரும், சிறு பிள்ளைகளோடு குடும்பங்கள் வரும், வகுப்பறை போதாது. ஆள் இல்லாமல் மூடிய அதே மாவட்டம் இடம் தேடி அலையும். அதனால்தான் தளம் மூடுகிற சமயத்தில் ‘இப்போதுதான் பிள்ளைகளே இல்லையே, பள்ளிக்கு எதற்கு நிலம்’ என்று நகரம் சொல்வதை ஏற்கக் கூடாது என்கிறேன்.

நிலத்தை யார் யாருக்குக் கொடுப்பது? இலவசமா?

வரிசை ஒன்று இருக்கிறது. முதலில் பாதுகாப்புத் துறையின் மற்றப் பிரிவுகளுக்கு வேண்டுமா என்று பார்ப்பார்கள். பிறகு மற்ற மத்திய அரசுத் துறைகள். யாருக்கும் வேண்டாம் என்றால் ‘உபரி’ என்று அறிவிப்பார்கள். அதன்பின் உள்ளூரில் ஒரு மறுமேம்பாட்டு அதிகார அமைப்பு பொறுப்பேற்கும். டஸ்டினில் நகரமே அந்த அமைப்பு. டென்வரின் லோரி விமானப்படைத் தளத்துக்கு டென்வரும் அரோராவும் சேர்ந்து தனி அமைப்பே வைத்தன. அந்த அமைப்பு எழுதுகிற மறுபயன்பாட்டுத் திட்டம்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. பள்ளி மாவட்டத்துக்கு அந்த அறையில் நாற்காலி இருக்கிறதா இல்லையா என்பது அன்றே தெரிந்துவிடும்.

வீடற்றோர் உதவி அமைப்புகளின் கோரிக்கையையும் அந்தத் திட்டம் கணக்கில் எடுத்துத்தான் ஆக வேண்டும். 1994-ல் வந்த சட்டம் அப்படிச் சொல்கிறது. டஸ்டினில் மரைன் படைவீரர்கள் தங்கியிருந்த பழைய பாரக்ஸ் கட்டடங்கள் 2008-ல் வீடற்ற குடும்பங்களுக்கான ‘வில்லேஜ் ஆஃப் ஹோப்’ ஆகத் திறக்கப்பட்டன.

பள்ளி மாவட்டத்துக்கு நிலம் கிடைக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, பொது நலனுக்கான கொடை. மத்திய கல்வித் துறையின் பரிந்துரையோடு வரும். விலையில் நூறு சதவீதம் வரை தள்ளுபடி, அதாவது இலவசம். ஆனால் கல்விக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனை நீண்ட காலத்துக்கு, முப்பது வருடம் வரை, கூடவே வரும். பிள்ளைகள் குறைந்துவிட்டார்கள், நிலத்தை விற்றுவிடலாம் என்று நினைத்தால் முடியாது. இன்னொன்று, பொருளாதார மேம்பாட்டுக்கான கொடை. அது நகரத்துக்குப் போகும். நகரம் அதில் ஒரு துண்டைப் பள்ளிக்குக் கொடுக்கலாம், கொடுக்காமலும் இருக்கலாம்.

எது நல்லது? நிலம் பள்ளி மாவட்டத்தின் பெயரிலேயே வருவதுதான் நல்லது என்பது என் எண்ணம். ‘பிறகு தருகிறோம்’ என்பது எழுத்தில் இல்லாவிட்டால், நிலத்தின் விலை ஏற ஏற அந்தப் பேச்சு தேய்ந்துகொண்டே போகும்.

நல்லபடியாகப் பிரித்துக்கொண்ட ஊரும் உண்டு. லாங் பீச்சில் கடற்படைக் குடியிருப்பு நிலம் ஒன்றில் இன்று கப்ரில்லோ உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. அதன் பக்கத்திலேயே வீடற்றோர் குடியிருப்பு, இளைஞர் தொழிற்பயிற்சி மையம், மாநிலப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்பப் பூங்கா. பக்கம் பக்கமாக, ஒருவரை ஒருவர் தள்ளிவிடாமல்.

பாரக்ஸ் கட்டடங்கள் சும்மாதானே கிடக்கின்றன? அதிலேயே வகுப்பு நடத்தலாமே?

நல்ல கேள்வி. நானும் முதலில் இதைத்தான் நினைத்தேன்.

1933 மார்ச் 10 மாலை லாங் பீச்சில் பெரிய நிலநடுக்கம். ஏராளமான பள்ளிக் கட்டடங்கள் இடிந்து விழுந்தன. சாயங்கால வேளை என்பதால் வகுப்பறைகள் காலியாக இருந்தன. பகலில் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியாது. ஒரே மாதத்தில் கலிஃபோர்னியா ‘ஃபீல்ட் சட்டம்’ கொண்டுவந்தது. அரசுப் பள்ளிக் கட்டடம் எதுவாக இருந்தாலும் மாநிலக் கட்டடக் கலைஞர் அலுவலகம் வரைபடத்தைச் சரிபார்க்க வேண்டும், கட்டும்போது ஆய்வாளர் உடன் இருக்க வேண்டும். ராணுவம் தன் விதிப்படி கட்டிய பாரக்ஸ் இந்தச் சோதனையைத் தாண்டாது. பலப்படுத்துகிற செலவுக்குப் பெரும்பாலும் புதிதாகவே கட்டிவிடலாம்.

ஃபோர்ட் ஓர்டில் மட்டும் எப்படி 1995-லேயே பழைய கட்டடங்களில் வகுப்பு ஆரம்பித்தார்கள் என்று கேட்கலாம். அது மாநிலப் பல்கலைக்கழகம். ஃபீல்ட் சட்டம் பன்னிரண்டாம் வகுப்பு வரையுள்ள பள்ளிகளுக்கும் சமுதாயக் கல்லூரிகளுக்கும்தான். நகர அதிகாரிகள் ‘கட்டடத்தோடு தருகிறோம்’ என்று தாராளமாகச் சொன்னால், பள்ளி மாவட்டம் அந்தக் கட்டடத்தை இடிக்கிற செலவையும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும்.

டஸ்டினில் பள்ளி நிலத்துக்காகப் பெரிய சண்டை நடந்தது என்கிறார்களே?

நடந்தது. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

1996-ல் நகரம் மறுபயன்பாட்டுத் திட்டத்தை முடித்தது. அதில் டஸ்டின் பள்ளி மாவட்டத்துக்கு இடம் இருந்தது, இர்வைன் பள்ளி மாவட்டத்துக்கு இடம் இருந்தது, தெற்கு ஆரஞ்சு கவுண்டி சமுதாயக் கல்லூரிக்கும் இடம் இருந்தது. தளத்தின் ஒரு பகுதி சாண்டா ஆனா பள்ளி மாவட்ட எல்லைக்குள் வந்தும், அந்த மாவட்டம் வெறுங்கையோடு நின்றது. நகரத்தின் வாதம் இது: சாண்டா ஆனா எல்லைக்குள் வருகிற பகுதியில் வீடே வரப்போவதில்லை, கடைகளும் அலுவலகங்களும்தான், அப்புறம் பிள்ளைகள் எங்கிருந்து வருவார்கள்?

கணக்கு என்று பார்த்தால் சரிதான். ஆனால் எந்தப் பகுதியில் வீடு வர வேண்டும், எதில் கடை வர வேண்டும் என்று கோடு போட்டதே நகரம்தானே? அந்தக் கோட்டையே பிறகு காரணமாகக் காட்டினால் எப்படி ஏற்க முடியும்?

சாண்டா ஆனாவின் நிலைமையையும் பாருங்கள். அந்தச் சமயத்தில் ஏறக்குறைய அறுபதாயிரம் பிள்ளைகள். பெரும்பாலும் லத்தீனோ குடும்பங்கள், ஏழைத் தொழிலாளர் வீடுகள். விளையாட்டு மைதானத்தை விழுங்கிக்கொண்டு நிற்கும் தற்காலிக வகுப்பறைகள். ஊர் முழுக்கக் கட்டடம், காலி நிலமே கிடையாது. பக்கத்தில் 1,600 ஏக்கர் அரசு நிலம் திறக்கிறது, அதில் ஒரு பகுதி தங்கள் எல்லைக்குள்ளேயே இருக்கிறது. அவர்கள் கேட்டது நூறு ஏக்கர். பாலர் வகுப்பிலிருந்து சமுதாயக் கல்லூரி வரை ஒரே வளாகமாக, ராஞ்சோ சாண்டியாகோ கல்லூரி மாவட்டத்தோடு சேர்ந்து கேட்டார்கள்.

வழக்கு, எதிர்வாதம், இனப் பாகுபாடு என்ற குற்றச்சாட்டு, சாக்ரமென்டோவிலுள்ள மாநிலச் சட்டமன்றம் வரை போன மசோதா. கடைசியில் சமரசம் ஆனது. கேட்ட நூறு ஏக்கர் கிடைக்கவில்லை. அதில் ஒரு பங்கு நிலமும் பணமுமாகக் கிடைத்தது. கல்லூரி மாவட்டத்தின் பங்கில் இன்று ஷெரிஃப் துறையின் பயிற்சிப் பள்ளி நடக்கிறது.

இதில் என் மனதை உறுத்துவது ஒன்றுதான். இத்தனை பொதுப் பணம், இத்தனை வருடம், எல்லாம் வக்கீல்களிடம் போனது. ஆறாம் வகுப்பில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்த பிள்ளை, தீர்ப்புக்குக் காத்திருக்க முடியாது. சண்டை முடிவதற்குள் அது பள்ளியையே முடித்துவிடும்.

டஸ்டின் பள்ளி மாவட்டத்துக்காவது உடனே பள்ளி வந்ததா?

அங்கும் உடனே இல்லை. புது வீடுகளின் பிள்ளைகளுக்காக ஹெரிட்டேஜ் தொடக்கப் பள்ளி வந்தது. தளத்தில் பெரியதாக வந்த பள்ளி லெகசி மேக்னட் அகாடமி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை. அது திறந்தது 2020-ல். தளம் மூடி இருபத்தோரு வருடம் கழித்து.

ஒத்துழைப்பு நன்றாக நடந்த ஊர் ஏதாவது உண்டா?

எனக்குப் பிடித்த உதாரணம் சிகாகோ பக்கத்திலுள்ள கிளென்வியூ. அங்கே ஒரு கடற்படை விமானத் தளம், சுமார் 1,100 ஏக்கர், 1995-ல் மூடியது. இன்று ‘தி கிளென்’ என்ற பெயரில் முழு ஊராகவே ஆகிவிட்டது. பழைய விமானக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை இடிக்காமல் கடைவீதியின் நடுவில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

நான் சொல்ல வந்தது கோபுரத்தைப் பற்றி அல்ல, வரியைப் பற்றி. அங்கே சாலை, சாக்கடை, பூங்காவுக்கெல்லாம் செலவு செய்ய ‘டிஃப்’ என்ற முறையைக் கையாண்டார்கள். ஒரு குறிப்பிட்ட நாளில் அந்த நிலத்தின் சொத்து வரி எவ்வளவோ அது மட்டும்தான் பள்ளிகளுக்கும் மற்றவர்களுக்கும் போகும். அதற்கு மேல் ஏறுகிற வரி முழுவதும் மேம்பாட்டு நிதிக்குப் போகும். சாதாரண ஊரில் இதனால் பள்ளிக்கு ஓரளவுதான் நட்டம். ஆனால் படைத்தளத்தில் ஆரம்ப வரியே பூஜ்யம், ஏனென்றால் அது அரசு நிலம். ஆக, ஆயிரக்கணக்கான வீடுகள் வந்தாலும் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்காகப் பள்ளிக்கு வருகிற சொத்து வரியும் பூஜ்யம்தான். பள்ளி பெரும்பாலும் சொத்து வரியை நம்பியிருக்கிற இல்லினாயில் இது பெரிய அடி.

கிளென்வியூ இதை முன்கூட்டியே யோசித்தது. தி கிளெனிலிருந்து வருகிற பிள்ளைகளால் பள்ளி மாவட்டங்களுக்கு ஏற்படும் செலவை அந்த மேம்பாட்டு நிதியிலிருந்தே ஈடு செய்வது என்று ஒப்பந்தம் போட்டார்கள். தொடக்கப் பள்ளி மாவட்டத்துக்கு, உயர்நிலைப் பள்ளி மாவட்டத்துக்கு, நூலகத்துக்கு, பூங்கா மாவட்டத்துக்கு என எல்லோருக்கும். ‘முழுதாக்கும் தொகை’ என்று அதற்குப் பெயர். பேருக்கேற்ற காரியம். ஒரு நடுநிலைப் பள்ளியும் தளத்தின் நிலத்திலேயே எழுந்தது. குடும்பம் குடிவரும் முன்பே பிள்ளையின் செலவுக்கு வழி சொல்லியாகிவிட்டது.

கலிஃபோர்னியாவில் வீட்டு வரி பில்லில் ‘மெல்லோ-ரூஸ்’ என்று வருகிறதே, அது பள்ளிக்குத்தான் போகிறதா?

ஒரு பங்கு போகலாம். 1978-ல் மக்கள் ஓட்டுப் போட்டு நிறைவேற்றிய பதின்மூன்றாவது முன்மொழிவு சொத்து வரியை ஒரு சதவீதத்தோடு கட்டிப்போட்டது. புதுக் குடியிருப்புக்குச் சாலையும் பள்ளியும் கட்டப் பணம் இல்லாமல் போகவே, 1982-ல் மெல்லோ-ரூஸ் சட்டம் வந்தது. ஒரு பகுதியை வளைத்து, அதில் உள்ள வீடுகளுக்கு மட்டும் சிறப்பு வரி போட்டு, அதைக் காட்டிக் கடன் பத்திரம் விற்கலாம். நகரமும் போடலாம், பள்ளி மாவட்டமும் போடலாம். அதனால் ஒரே வீட்டுக்கு இரண்டு மெல்லோ-ரூஸ் விழுகிற இடமும் உண்டு.

மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் அந்தப் பகுதியில் பன்னிரண்டு வாக்காளர்கள்கூட இல்லாவிட்டால் ஓட்டு நில உரிமையாளருக்கு, ஏக்கர் கணக்கில். காலியான படைத்தளத்தில் குடியிருப்பவர் யார்? ஒருவரும் இல்லை. கட்டுமான நிறுவனம் ஓட்டுப் போடும், பிறகு வரி கட்டுவது நீங்கள். இது சட்டப்படி சரியானதுதான், நானும் கட்டுகிறேன். வீடு வாங்குமுன் சிறப்பு வரி அறிவிப்பு என்று ஒரு தாள் கையில் கொடுப்பார்கள். கையெழுத்துப் போடும் நாளில் நூறு தாள்களுக்கு நடுவில் அதுவும் இருக்கும். அதை மட்டும் முதல் நாளே கேட்டு வாங்கிப் படியுங்கள். எந்தப் பள்ளிக்கு, எத்தனை வருடத்துக்கு, வருடம் எத்தனை சதவீதம் ஏறும் என்பதெல்லாம் அதைப் பிடித்துத் தெரிந்துகொள்ளலாம்.

ராணுவம் இருந்த நிலம். மண் சுத்தமாக இருக்குமா?

இருக்க வேண்டும் என்பது சட்டம். நிலத்தைக் கைமாற்றுமுன் தேவையான சுத்திகரிப்பைச் செய்துவிட்டோம் என்று மத்திய அரசு எழுதிக் கொடுக்க வேண்டும். பின்னால் ஏதாவது கண்டுபிடித்தால் அதையும் அதுவே செய்ய வேண்டும். கலிஃபோர்னியாவில் மாநிலப் பணத்தில் கட்டுகிற பள்ளிக்கு இன்னொரு வடிகட்டியும் உண்டு: நச்சுப் பொருள் கட்டுப்பாட்டுத் துறை அந்த மண்ணைத் தனியாகப் பரிசோதித்து ஒப்புதல் தர வேண்டும்.

நடைமுறையில் என்ன இருக்கும் என்றால், விமானம் கழுவிய கரைப்பான், எரிபொருள் கசிவு, பழைய பெயின்ட்டின் ஈயம், குழாய்ச் சுற்றில் ஆஸ்பெஸ்டாஸ், தீயணைப்பு நுரை. டஸ்டினிலும் பக்கத்து எல் டோரோ தளத்திலும் டிரைகுளோரோஎதிலீன் என்ற கரைப்பான் நிலத்தடி நீரில் கலந்திருந்தது. அதனால் மொத்த நிலமும் ஒரே நாளில் கைமாறுவதில்லை. சுத்தமானது முதலில், அழுக்கானது பிறகு, துண்டு துண்டாக. வரைபடத்தைப் பார்த்தால் ஒட்டுப்போட்ட துணி மாதிரி இருக்கும்.

இங்கேதான் பள்ளி மாவட்டத்துக்குக் கெட்டித்தனம் வேண்டும். எந்தத் துண்டு பள்ளிக்கு என்று சொல்லுமுன் அந்தத் துண்டின் ஆய்வு அறிக்கையைக் கேட்க வேண்டும். அலுவலகத்துக்கு ஒரு அளவு சுத்தம் போதும், நாள் முழுக்கப் பிள்ளைகள் மண்ணில் விளையாடுகிற இடத்துக்கு அது போதாது. எல் டோரோ பக்கம் இர்வைன் புது உயர்நிலைப் பள்ளி கட்டியபோது, மண்ணைப் பற்றிப் பெற்றோர் விடாமல் கேள்வி கேட்டார்கள். அப்படிக் கேட்பவர்களைத் தொல்லை என்று சிலர் முகம் சுளித்தார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதைதான்.

2023-ல் எரிந்தது என்ன?

வடக்குக் கொட்டகை. நவம்பர் 7, நள்ளிரவு தாண்டிய நேரம். முழுக்க மரம், எண்பது வருடம் காய்ந்த மரம். தீயணைப்பு வீரர்கள் உள்ளே போக முடியாது, மேலிருந்து ஹெலிகாப்டரில் தண்ணீர் விட்டும் பயனில்லை. எரிந்து விழட்டும் என்று விட்டுவிட்டார்கள். விடிந்தபோது கூரை இல்லை. இரண்டு பக்கமும் கதவைத் தாங்கிய காங்கிரீட் தூண்கள் மட்டும் புகைக்கு நடுவில் நின்றன.

அதற்கப்புறம்தான் பிரச்சினையே. சாம்பலில் ஆஸ்பெஸ்டாஸ் இருப்பது தெரிந்தது. சுற்று வட்டார வீடுகளின் புல்வெளியில், கார் மேல், ஜன்னல் விளிம்பில் கரிந்த துண்டுகள் கிடந்தன. உள்ளங்கை அளவு, காய்ந்த இலை மாதிரி, சாம்பல் நிறத்தில். தொடாதீர்கள், கூட்டாதீர்கள், இலை ஊதும் இயந்திரம் போடாதீர்கள் என்று அறிவிப்பு வந்தது. டஸ்டின் பள்ளி மாவட்டம் பள்ளிகளை மூடியது. ஆய்வாளர்கள் வளாகம் வளாகமாகப் போய்ச் சோதித்த பிறகுதான் திறந்தார்கள். பூங்காக்களையும் நகரம் பூட்டியது. அவசர நிலை அறிவித்தது.

அந்தக் கொட்டகை அன்றைக்கும் கடற்படையின் சொத்து. தளம் மூடி இருபத்துநான்கு வருடம் ஆகியும் கைமாறவில்லை. புகை போன பள்ளி ஒரு நிர்வாகம், புகை போன தெரு இன்னொரு நிர்வாகம், எரிந்த கட்டடம் மூன்றாவது நிர்வாகம். பிள்ளையை என்றைக்குப் பள்ளிக்கு அனுப்பலாம் என்ற ஒரே கேள்விக்கு ஒரு தாய் எத்தனை இடத்தில் பதில் தேட வேண்டியிருந்தது என்பதை அந்த வாரம் கண்ணால் பார்த்தேன். நிலம் பங்கீடு மட்டும் ஒத்துழைப்பு அல்ல. இன்னும் கைமாறாத கட்டடத்துக்கு ஏதாவது ஆனால் முதல் ஒரு மணி நேரத்தில் யார் யாருக்குப் போன் செய்வது என்பதும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

நல்ல ஒப்பந்தம் என்றால் அதில் வேறு என்ன இருக்க வேண்டும்?

எத்தனை ஏக்கர் என்பதை விட எப்போது என்பது முக்கியம். ‘ஐந்நூறாவது வீட்டுக்கு அனுமதி தருமுன் பள்ளி நிலம் தயாராக இருக்கும்’ என்ற மாதிரி ஒரு வரி வேண்டும். தயார் என்றால் சமன் செய்து, தண்ணீர், சாக்கடை, மின்சாரம் வேலி வரை வந்து, சாலை போட்டு. வெறும் புழுதிக் காட்டைக் காட்டி ‘இதோ உங்கள் பள்ளி’ என்று சொல்லக் கூடாது.

மைதானத்தை இருவரும் பகிர்ந்துகொள்ளலாம். பகலில் பள்ளி, மாலையில் ஊர். இதில் நிலமும் மிச்சம், செலவும் மிச்சம். ஆனால் புல் வெட்டுவது யார், விளக்குக் கட்டணம் யார் என்பதை எழுதாமல் விட்டால், இந்தச் சின்ன விஷயத்தில்தான் உறவு கெடும்.

பிள்ளைகள் எதிர்பார்த்த அளவு வராவிட்டால் என்ன என்பதும் வேண்டும். நெரிசலுக்குப் பேர்போன சாண்டா ஆனாவில் இன்று நாற்பதாயிரத்துக்கும் குறைவான பிள்ளைகள். வீட்டு விலைக்குப் பயந்து குடும்பங்கள் போய்விட்டன, பிறப்பும் குறைந்துவிட்டது. இருபத்தைந்து வருடத்துக்கு முன் இதை யார் எதிர்பார்த்தார்கள்? அதனால் பள்ளி நிலம் மிஞ்சினால் அதைப் பூங்காவாக்கவோ ஆசிரியர் குடியிருப்பாக்கவோ வழி வைத்து எழுத வேண்டும்.

இதிலெல்லாம் சாதாரணப் பெற்றோர் பேச முடியுமா? எனக்குக் குடியுரிமைகூட இல்லையே?

முடியும். ஓட்டுக்குத்தான் குடியுரிமை வேண்டும், பேசுவதற்கு வேண்டாம். கலிஃபோர்னியாவில் நகர மன்றம், பள்ளி வாரியம் இரண்டுக்கும் பிரவுன் சட்டம் பொருந்தும். வழக்கமான கூட்டத்துக்கு எழுபத்திரண்டு மணி நேரம் முன்பே நிகழ்ச்சி நிரலை வெளியிட வேண்டும். பொதுமக்கள் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். பெயர் சொல்லியே ஆக வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. தளத்தின் சுத்திகரிப்பு பற்றிப் பேசப் பல இடங்களில் கடற்படையே ஒரு ஆலோசனைக் குழு வைத்திருக்கும், அதிலும் உட்காரலாம்.

ஒரே ஒரு யோசனை: இரண்டு கூட்டத்துக்கும் போங்கள். நகர மன்றத்தில் ‘அது பள்ளி வாரியத்தின் வேலை’ என்பார்கள், பள்ளி வாரியத்தில் ‘அது நகரத்தின் கையில்’ என்பார்கள். ஒரே ஆள் ஒரே கேள்வியோடு இரண்டு இடத்திலும் நிற்பது தெரிந்தால் அந்தப் பதில் மாறும்.

பேச மூன்று நிமிடம் தருவார்கள், சில நாள் இரண்டு. உங்கள் அம்மாவோ மாமனாரோ பேரப்பிள்ளையைத் தினமும் அந்த வழியாகப் பள்ளிக்கு நடத்திக் கூட்டிப் போகிறவர் என்றால் அவரையும் அழைத்துப் போங்கள். தமிழிலேயே பேசட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று மொழிபெயருங்கள். மொழிபெயர்ப்பாளர் வைத்துப் பேசுகிறவருக்குக் குறைந்தது இரண்டு மடங்கு நேரம் தர வேண்டும் என்று அதே பிரவுன் சட்டம் சொல்கிறது.